கிரேக்கர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களாம்!

நிரந்தர விசா கேட்டு அலுவலக வாசலில் கூடாரம் அடித்துப் போராடிய நம் அகதிகளைக் கண்டித்து, இங்கே அவுஸ்திரேலியாவில் நம்மவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பேசிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐயாவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. "கிரேக்கர்களைப் பாருங்கள், வந்தார்கள், வாயை மூடிக்கொண்டு உழைத்தார்கள், முன்னேறினார்கள். அவர்கள் அலுவலக வாசலில் கூடாரம் அடித்தார்களா?" என்று கேட்கிறார். மண்டபம் கைதட்டுகிறது.

ஐயா, எந்தக் கிரேக்கர்களைச் சொல்கிறீர்கள்?

1916 டிசம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லியில் கடைகள் நொறுக்கப்பட்டுச் சூறையாடப்பட்டனவே, அந்தக் கிரேக்கர்களா? உலகப் போரில் கிரேக்க மன்னர் நடுநிலை வகித்தார். அதற்கு இங்கே மீன் பொரித்து விற்றவன் அடி வாங்கினான். அதே ஆண்டு அரசாங்கம் நாட்டிலிருந்த கிரேக்கர்களை இரகசியமாகக் கணக்கெடுத்தது. இன்று மெல்பேர்னின் ஓக்லியில் கோப்பி குடித்துக்கொண்டு "நல்ல சனம்" என்கிறோம். அன்று அவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம், வாயை மூடிக்கொண்டு இருந்தார்களாம். 1973இல் மெல்பேர்னின் புரோட்மெடோஸ் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் கிரேக்கர், இத்தாலியர், துருக்கியர் எல்லோரும் இருந்தார்கள். வேலைக்குத் திரும்புங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களே சொன்னபோது கேட்கவில்லை. மதிலை உடைத்தார்கள், கண்ணாடிகளை நொறுக்கினார்கள். கூடாரம் அடிப்பது இதைவிட மரியாதைக் குறைவான காரியமா?

சிட்னிக் கதை இன்னும் மோசம். 1978இல் ஒருநாள் விடியற்காலை, கிரேக்கர்கள் நோயாளிகளுக்கான அரசாங்க உதவிப்பணத்தில் மோசடி செய்கிறார்கள் என்று பொலிஸ் நூற்றி அறுபது வீடுகளுக்குள் புகுந்தது. பத்திரிகைகள் "கிரேக்கச் சதி" என்று எழுதின. நோயாளிகளின் உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. விட்டுக்கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வழக்கு பிசுபிசுத்தது, முன்னாள் நீதிபதி ரோமா மிட்செல் தலைமையில் விசாரணை வந்தது, நட்டஈடும் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றும் "கள்ளக் கூட்டம்" என்றுதான் பெயர்.

நான் இங்கே வந்த புதிதில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மேசைக்கு எதிரே ஒரு கிரேக்கத் தாய். என் கை வெட்டுப்பட்டபோது மேற்பார்வையாளர் துணியைச் சுற்றிவிட்டு வேலையைத் தொடரச் சொன்னார். அந்த அம்மா பெல்ட்டை நிறுத்திவிட்டார். முழு வரிசையும் நின்றுபோனது. "எழுத்தில் கொடு, எழுத்தில் கொடு" என்று கத்தி, விபத்துப் படிவத்தை வாங்கி என் கையில் திணித்தார். நம்மவர் ஒருவர் பின்னால் வந்து, "தங்கச்சி, வேலை போயிடும், பேசாமல் இரு" என்றார். இன்று மேடையில் பேசுவது அந்தக் குரல்தான். கிரேக்கக் குரல் அல்ல.

"அவர்கள் வெள்ளையர், சட்டப்படி கப்பலில் வந்தவர்கள், ஒப்பிடாதே" என்று சிலர் வருவீர்கள். சரி, அதில் நியாயம் உண்டு. கிரேக்கத்தோடு செய்த 1952 குடியேற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களை நாடே கூப்பிட்டது, நம்மை "வெள்ளை அவுஸ்திரேலியா" என்ற வெள்ளையருக்கு மட்டுமான குடியேற்றக் கொள்கை கதவுக்கு வெளியே நிறுத்தியது. ஆனால் ஒப்பிட்டது நானா? ஐயாதானே! "நல்ல எண்ணத்தில் சொன்னார்" என்று எழுதப்போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல எண்ணம் உள்ளவர் அந்தப் பெண்களின் பெயரை மேடையில் இழுக்கமாட்டார்.

ஆமாம், பெண்கள். 2023இல் நிரந்தர விசா கேட்டு மெல்பேர்னிலிருந்து தலைநகர் கன்பெராவரை நடந்தே போனார்களே, ஈரானியப் பெண்களோடு நம் பெண்களும். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் பிள்ளை வளர்ப்பவர்கள். அவர்களைப் பார்த்து "மானத்தை வாங்குகிறார்கள்" என்கிறார், எப்போதோ நிரந்தர விசா கிடைத்து, இரண்டு வீடு வாங்கி, மூன்றாவதுக்குக் கடன் கேட்கிற மனிதர். யாருடைய மானம் ஐயா? நடந்து நடந்து கால் வெடித்தது யாருக்கு? அந்த வாரம் உங்கள் சங்கத்திலிருந்து ஒரு போத்தல் தண்ணீராவது போனதா?

பதிவை நீக்கச் சொல்லி மெசஞ்சரில் வந்தவர்கள் இங்கேயே வந்து சொல்லுங்கள். நீக்கமாட்டேன்.