டிரம்ஸ் சேர்ந்ததால் மோரிஸ் ஆட்டம் கெட்டுவிடவில்லை

சனிக்கிழமை கூடுகையில், மோரிஸ் என்னும் இங்கிலாந்துக் கிராமத்து ஆட்டத்தின் மெட்டுகளைக் கொண்ட ‘மோரிஸ் ஆன்’ இசைத்தட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னதைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். நிறுத்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், எலக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்து இங்கிலாந்தின் நாட்டார் இசையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆடுவதற்காகவே பிறந்த மெட்டை, கேட்பவரின் கால் சும்மா இருக்காதபடி வாசிப்பது எப்படிக் கெடுப்பதாகும்? 1972இல் ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்சன், ஜான் கிர்க்பாட்ரிக், பாரி டிரான்ஸ்ஃபீல்ட், டேவ் மட்டாக்ஸ் ஆகிய ஐவரும் சேர்ந்து உருவாக்கிய தட்டு அது. டிரம்ஸ் வாசித்த மட்டாக்ஸ் அதற்கு முன்பு நடன அரங்குக் குழுக்களில் வாசித்தவர்; ஆடுகிறவர்களுக்காகத் தாளம் பிடிப்பதே அவர் கற்ற தொழில்.

பழைய கருவிகள் போதாதா என்று கேட்பீர்கள். எவ்வளவு பழைய கருவி? முதலில் சிறு குழலும் கைமுரசும் இருந்தன, பிறகு வயலின் வந்தது, அதன் பிறகு கான்செர்டினா என்னும் சிறு கைத்துருத்திக் கருவி வந்தது. 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரியின் மோரிஸ் ஆட்டக்காரர்களை, நாட்டார் இசையைத் தொகுத்த செசில் ஷார்ப் முதன்முதலில் பார்த்தபோது, செங்கல் கொத்தனாரான வில்லியம் கிம்பர் வாசித்துக்கொண்டிருந்தது 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்தக் கான்செர்டினாவைத்தான். அதே ஷார்ப் பின்னர் அம்மெட்டுகளைப் பியானோவுக்கு அமைத்து அச்சிட்டார். பியானோவை மன்னித்தவர்கள் டிரம்ஸை மட்டும் ஏன் மன்னிக்க மறுக்கிறீர்கள்?

காசுக்காகச் செய்தார்கள் என்றும் ஒருவர் சொன்னார். 1899இல் அந்த ஆட்டக்காரர்கள் பருவம் தவறி, கடுங்குளிரில் தெருவுக்கு வந்ததே, கட்டட வேலை நின்றுபோய்க் கையில் காசு இல்லாததால்தான். சத்தம் அதிகம் என்ற குறை வேண்டுமானால் சில இடங்களில் நியாயம். அதற்கு ஒலியைக் குறைத்துக் கேட்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் மோரிஸ் ஆட்டத்தை நேரில் பார்த்த அன்று, நான் ஆட்டக்காரர்களைவிட வாசிப்பவரையே அதிகம் கவனித்தேன். ஆட்டக்காரர் உயரத் தாவும் இடத்தில் அவர் மெட்டை இழுத்துப் பிடித்து, அந்தக் கால்கள் தரையைத் தொட்டு முழங்காலுக்குக் கீழே கட்டிய மணிகள் ஒலித்த பிறகே அடுத்த சுரத்துக்குப் போனார். அவர் கண் ஒருமுறைகூடக் கருவியின் பக்கம் திரும்பவில்லை. காலுக்குப் பணிந்து நடக்கும் அந்த வாசிப்பு இந்தத் தட்டிலும் இருக்கிறது. கிர்க்பாட்ரிக்கின் அக்கார்டியனைக் காதுகொடுத்துக் கேட்டால் தெரியும்.

ஆனால், விவாதம் அதோடு நிற்கவில்லை. “இங்கிலாந்துக் கிராமத்து ஆட்டத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று என்னிடம் கேட்கப்பட்டது. இந்த ஊரில் வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்து, இந்த மெட்டுகளைப் பல ஆண்டுகளாக நேசித்துக் கேட்கும் ஒருவன் அதற்கு வேறு என்ன சான்று காட்ட வேண்டும்? அந்தக் கேள்வி எழுந்தபோது அங்கே என் நண்பர்களும் இருந்தார்கள். ஒருவராவது வாய் திறந்திருக்கலாம்.