அடித்த பிறகு தேடும் நியாயம்

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் வீடியோவுக்கு நான் எழுதிய இரண்டு வரிக்கு இத்தனை வசவா? செல்போன் திருடிய பையனைக் கம்பத்தில் கட்டி அடித்தது தப்பு என்றேன். அவ்வளவுதான். உடனே நான் திருடனுக்கு வக்கீல், பெரிய அறிவுஜீவி, ஈரமில்லாதவன்.

திரும்பவும் சொல்கிறேன். கோபம் முதலில் வருகிறது, அடி விழுகிறது, நியாயத்தை அப்புறம்தான் தேடுகிறோம். வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். முதல் அறை விழுந்த பிறகுதான் ஒருவர் "என்னடா எடுத்த?" என்று கேட்கிறார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளர் 2001இல் இதைத்தான் எழுதினார்: சரி, தப்பு என்ற தீர்ப்பு பெரும்பாலும் சட்டென்று மனதில் வந்துவிடுகிறது, காரணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்கிறோம். அதே ஆண்டு ஜோஷுவா கிரீன் குழுவினர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஓடிவரும் வண்டியை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பி, ஒருவர் செத்தாலும் ஐந்து பேரைக் காப்பாற்றலாமா என்றால் பலரும் சரி என்பார்கள். அதே ஐந்து பேருக்காக ஒருவரைப் பாலத்திலிருந்து கையால் தள்ளச் சொன்னால் மாட்டேன் என்பார்கள். இரண்டாவதை யோசிக்கும்போது உணர்ச்சி சம்பந்தப்பட்ட பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. தூரத்திலிருந்து "செம அடி" என்று கமெண்ட் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அறைவீர்கள்?

"உன் போன் போயிருந்தால் தெரியும்." போயிருந்தால் நானும் அறைந்திருப்பேன். அதனால்தான் பறிகொடுத்தவனிடம் தீர்ப்பைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். "போலீஸ் ஒழுங்காக இருந்தால் ஜனங்கள் ஏன் அடிக்கிறார்கள்?" சரி, அதை ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள்.

ஆனால் அந்த 'ஈரமில்லாதவன்' மட்டும் உறுத்துகிறது. சொன்னது என் பெரிய மாமா. 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, பால் இல்லை, பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. நிவாரண லாரி ஒன்று வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. மறித்து மூட்டைகளை இறக்கினார்கள். மாமா தோளிலும் ஒரு மூட்டை இருந்தது. யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பசியில் அழுததை நானே பார்த்தேன். அந்தப் பையன் வீட்டில் என்ன நிலைமை என்று மட்டும் நம்மில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரக்கமே வேண்டாம் என்றா சொன்னேன்? வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு பசித்தவர்களைப் பார்த்துக் கலங்கிய மனதிலிருந்து வந்ததுதானே. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு அங்கே போய் வரிசையில் நின்று சாப்பிடுகிறவர் மாமா.

குடும்ப குரூப்பிலிருந்து என்னை நீக்கியாகிவிட்டது. நல்லது. அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரியெல்லாம் இந்த ஈரமில்லாதவன்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அதையும் நீக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு வருவேன் மாமா. மொய் வைப்பேன், சாப்பிடுவேன். உங்கள் பந்தியில் மட்டும் உட்கார மாட்டேன்.