குளுக்கோசமைனும் தேய்ந்த குருத்தெலும்பும்

மூட்டு வலிக்குத் துணை உணவாகச் சாப்பிடும் குளுக்கோசமைன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் தேய்ந்த முழங்கால் குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று சொல்லப்படுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல.

அமெரிக்க அரசின் நிதியில் நடந்த 'கெயிட்' (GAIT) ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேர் கலந்துகொண்டார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, 24 வாரங்களில் குளுக்கோசமைன் குழுவில் 64 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரைக் குழுவிலோ 60 சதவீதம்! புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் அல்ல. ஆகவே "எனக்கு வலி குறைந்தது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு.

அதையும் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு ஆண்டுகள் எக்ஸ்ரே மூலம் கண்காணித்து 2008இல் வெளியிட்ட முடிவில், மூட்டு இடைவெளி குறுகும் வேகத்தில் (குருத்தெலும்பு தேயத் தேய இந்த இடைவெளி குறுகும்) குளுக்கோசமைன் குழுவினரைப் போலி மாத்திரைக் குழுவினரோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் ஆய்வின் பெயரையும் குளுக்கோசமைனையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், இரண்டு கட்டுரைகளின் சுருக்கமும் இலவசமாகக் கிடைக்கும். படிக்கும்போது போலி மாத்திரைக் குழுவின் எண்ணை முதலில் பாருங்கள்.