அழுக்கு வேறு, தேய்மானம் வேறு

ஞாயிற்றுக்கிழமை குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆட்களின் குழு அது. பழசான விமானம் போலத் தெரிய நான் வரைந்த பெயிண்டின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டேன், அழுக்கு என்று கேலி செய்தார்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். நேற்று ராத்திரி மறுபடியும் ஒருவர் என் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் போட்டு, "மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டிய வண்டி" என்று எழுதியிருந்தார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

நான் போட்டது பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320-க்கான ரிப்பெயின்ட், அதாவது சிமுலேட்டர் விமானத்தின் மேல் ஒட்டுகிற பெயிண்ட் படம். 1989-ல் வந்து சேர்ந்த விமானம், பத்து வருஷம் ஓடி 1999 வாக்கில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் செய்தது. இறக்கையின் முன்விளிம்பில் மழையும் மணலும் பூச்சியும் மோதி மோதி மினுமினுப்பு போயிருக்கிறது. வால் நுனியில் ஏபியூ என்கிற குட்டித் துணை இன்ஜின் புகை விடும் ஓட்டையைச் சுற்றிக் கரி. வயிற்றில் கசிந்த எண்ணெயைக் காற்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு போன கோடுகள். வலப்பக்கம் சரக்குக் கதவின் கீழ் விளிம்பில் கீறல்கள். வலப்பக்கம் மட்டும். ஏ320-ல் சரக்குக் கதவுகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. இடப்பக்கப் படத்தைக் கண்ணாடியில் காட்டின மாதிரி திருப்பி ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கருப்பு மையை அள்ளிப் பூசியிருக்கிறேன் என்கிறார்கள். பூசவில்லை. இந்த வேலையில் பாதி, நிறத்திலேயே இல்லை. ரஃப்னஸ் என்று தனியாக ஒரு படம் உண்டு. எந்த இடம் வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும், எந்த இடம் மங்கலாகச் சிதறவிடும் என்று சொல்வது அதுதான். முன் கதவின் கைப்பிடியைச் சுற்றி நான் நிறத்தைத் தொடவே இல்லை, ரஃப்னஸை மட்டும் மாற்றினேன். சிமுலேட்டரில் பெங்களூரின் பழைய எச்.ஏ.எல் விமான நிலையத்தில் காலை ஆறரைக்கு நிறுத்திவைத்து, வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால்தான் தெரியும். மத்தியானம் தெரியாது. இதற்கு நான்கு ராத்திரி ஆனது. "ஃபோட்டோஷாப்பில் அஞ்சு நிமிஷ வேலை" என்ற அன்பருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் இந்த ரியலிசப் புலிகள். இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் ஏ320-களில் பிரதான சக்கரத் தொகுப்பில் ஒரு பக்கத்துக்கு நாலு சக்கரம். நம் ஊரில் வலுக் குறைந்த ஓடுபாதைகள் இருந்ததால் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். மற்ற ஏ320-களில் பக்கத்துக்கு இரண்டுதான். என் ஸ்கிரீன்ஷாட்டிலும் இரண்டுதான், ஏனென்றால் ரிப்பெயின்ட் போடுகிறவனால் விமானத்தின் வடிவத்தை, அதாவது மாடலை, மாற்ற முடியாது. இத்தனை கமென்டில் ஒருவருக்காவது அது கண்ணில் பட்டதா? கரி மட்டும் பளிச்சென்று பட்டுவிட்டது.

"காசு கொடுத்து வாங்குகிறோம், புதுசாக இருக்க வேண்டாமா?" நியாயம்தான். புதுசு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்தது என்று நினைத்துப் பறந்துகொள்ளுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்கு ரியலிஸ்டிக் என்று பேர் வைக்காதீர்கள். வீட்டில் ஷோகேஸுக்குள் பொம்மைக் கார் வைக்கிறோம். அதை சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற கார் என்று யாரும் சொல்வதில்லை.

"இந்திய விமானங்கள் எல்லாமே புதுசு, இண்டிகோவைப் பாருங்கள்." பார்த்தேன். பல விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஆறேழு வருஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், உண்மைதான். இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் போட்டது 1999, ஐயா. இண்டிகோ பறக்க ஆரம்பித்ததே 2006-ல். அதுவும் போக, புதுசென்றால் பெயிண்ட் நின்றுவிடுமா? 787-ன் இறக்கையில் வெயில் பட்டுப் பெயிண்ட் உரிந்து, வெள்ளி நிறத்தில் டேப் ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். ஏ350-ன் மேற்பூச்சு உரிந்த விவகாரத்தில் கத்தார் ஏர்வேஸும் ஏர்பஸ்ஸும் லண்டன் கோர்ட் வரைக்கும் போய், 2023 பிப்ரவரியில்தான் சமாதானமானார்கள்.

மறுபக்கமும் கிறுக்கு உண்டு, மறுக்கவில்லை. அலுமினியத்தில் செம்மண் நிறத்தில் துரு வரைகிறார்கள். அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடிதான் வரும். எல்லா ஸ்குருவுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கீறல். வயிற்றுக் கோடுகள் காற்று போகும் திசையை மறந்து, சுவரில் மழைத்தண்ணீர் வழிந்த மாதிரி நேராகக் கீழே இறங்குகின்றன. இதைக் கேலி செய்யுங்கள், நானும் கூட வருகிறேன். இது அழுக்கு. நான் சொல்வது தேய்மானம்.

"பார்க்கவே பயமாக இருக்கிறது, பாதுகாப்பாகத் தெரியவில்லை" என்று ஒருவர். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கரி படிந்த வால் யாரையும் கொன்றதில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 737 ஒன்றுக்கு நடுவானில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பத்தொன்பது வருஷம் பழைய விமானம், உலோகம் களைத்து விரிசல் விட்டிருந்தது. ஏறும்போதே ஒரு பயணி விமானத்தின் உடம்பில் விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. எது கறை, எது கீறல், எது விரிசல் என்று கண்ணுக்குப் பழக்கம் வேண்டாமா? 2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கீழே இறங்கி விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கிற வசதியே கொடுத்திருக்கிறான். துடைத்து வைத்த விமானத்தைச் சுற்றி நடந்து எதைப் பார்ப்பீர்கள்? செல்ஃபி எடுப்பீர்களா?

"வெறும் கேம்தானே" என்பவர்களுக்கு: ஆமாம், கேம்தான். அப்புறம் ஏன் மூன்று நாளாக அடித்துக்கொள்கிறீர்கள்?

இதெல்லாம் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறு ஒரு கமென்ட். "உங்க அப்பா கட்டின வண்டியா அண்ணா?" கூடவே கண்ணடிக்கிற பொம்மை.

எழுதிய தம்பி முருகேஷ்பாளையாவில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தவன். பெயர் சொல்லமாட்டேன். அப்பா எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்தவர் என்று அவனுக்குத் தெரியும். தர்மபுரியிலிருந்து வந்து முப்பத்திரண்டு வருஷம் அதே வேலை. ரிவெட் கன் ஒரு பக்கம் அடிக்கும்போது மறுபக்கம் முட்டுக் கொடுக்க உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்புக் கட்டி பிடிப்பார்கள், டாலி என்று பெயர். ரிட்டயர் ஆனபோது வழக்கொழிந்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அரிவாள்மனைக்கும் என் ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைப்பாள். அழுக்கு போகும். கட்டைவிரல் பதியும் இடத்து வழவழப்பு போகாது. அதன் மேல்தான் சந்தனம் வைப்பாள்.

வண்டி இல்லை தம்பி, கதவு. ஏ320-ன் முன் பக்கப் பயணிகள் கதவுகளில் பலவற்றை ஏர்பஸ்ஸுக்குச் செய்து அனுப்புவது பெங்களூரு எச்.ஏ.எல். அப்பாவின் கடைசி ஏழெட்டு வருஷம் அந்தப் பிரிவில்தான் கழிந்தது. 1989-ல் வந்த விமானத்தின் கதவு அவர் கை பட்டதில்லை என்று எனக்கும் தெரியும், அதைத் திருத்த யாரும் கமென்டுக்கு வர வேண்டாம். விமானத்தில் ஏறும்போதெல்லாம் அவர் வாசலில் ஒரு நொடி நின்று கதவோரத்தைத் தடவுவார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். எனக்கு மானம் போகும். இப்போது அவருக்கு விமானம் ஏற முடியாது, முட்டி விடாது.

பளபள வெர்ஷன் கேட்டு மூன்று பேர் இன்பாக்ஸுக்கு வந்திருக்கிறார்கள். மரியாதையாகக் கேட்டார்கள், செய்து தருகிறேன். வால் கரியை எடுத்துவிடுகிறேன். வயிற்றுக் கோடுகளையும், சரக்குக் கதவுக் கீறலையும்கூட. முன் கதவை மட்டும் தொடமாட்டேன்.