சாக்கடைக்கு எதுக்குய்யா பார்டர்

மழை பேஞ்சா எங்க தெருவுல முழங்கால் தண்ணி, தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம் கடைசி, அந்தாண்ட பாண்டியோட முத்தியால்பேட்டை. இங்க போய் சொன்னா "அடைப்பு பாண்டி லிமிட்ல சார்", அங்க போனா "நீங்க தமிழ்நாடாச்சே, விழுப்புரத்துல மனு குடுங்க". சாக்கடை ஒண்ணுதான்யா, ஆபீஸ்தான் ரெண்டு!

ஈசிஆர்ல வர்றவங்களுக்குத் தெரியும், காலாப்பட்டு பாண்டி, தாண்டினா மறுபடி தமிழ்நாடு, எங்க ஊரத் தாண்டினா மறுபடி பாண்டி. இந்த எல்லைக்கோட்டப் போட்டவன் எவனும் நம்ம ஊர்க்காரன் இல்ல. 1761ல இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன் கையில இருந்த பாண்டிய இடிச்சுத் தரைமட்டமாக்கினான், 1763ல பாரிஸ்ல கையெழுத்து போட்டு திருப்பிக் குடுத்தான், அப்புறம் சண்டைன்னா புடுங்கறதும் சமாதானம்னா குடுக்கறதும்தான் பொழப்பு. 1783ல அமெரிக்க விடுதலைச் சண்டைய முடிக்க வெர்சாய்ல உக்காந்தவனுங்க, பாண்டிக்கு வில்லியனூரும் பாகூரும் சேத்து வாங்கித் தர்றோம்னு எழுதறானுங்க, பாகூர்ல ஏர் ஓட்டினவன எவன் கேட்டான்? 1814ல கடைசியா குடுக்கறப்ப, கோட்டை கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்குத் தேவையான சிப்பாய் மட்டும் வச்சுக்கோன்னு கண்டிஷன் வேற.

சரி, வெள்ளக்காரன் போயிட்டான். இந்தியாவும் பிரான்சும் போட்ட 1956 ஒப்பந்தத்துல, மக்கள் விருப்பத்தக் கேக்காம இங்க நிர்வாக அந்தஸ்த மாத்தக் கூடாதுன்னு இருக்கு. நியாயம்தான், 1979ல பக்கத்து மாநிலத்தோட சேக்கலாம்னு அப்போ பிரதமரா இருந்த மொரார்ஜி பேசினதுக்கே பாண்டி கொந்தளிச்சுது. நானும் சேக்கச் சொல்லல சாமி, சாக்கடையத் தூர்வாரத்தான் சொல்றேன்.

கடல் கதை இன்னும் மோசம். மணல் தெக்கேருந்து வடக்க நகர்ற கரை இது, பாண்டில 1980கள் கடைசில துறைமுகம் கட்டி அத மறிச்சாச்சு, பாண்டிக் கரை அரிச்சதும் கல்லக் கொட்டினாங்க, அரிப்பு அப்படியே வடக்க எங்க பக்கம் ஏறி தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு வீட்டையும் வலை காயப்போட்ட எடத்தையும் முழுங்கிடுச்சு. கட்டினது ஒரு கவர்மென்ட், கரை போனது இன்னொரு கவர்மென்ட்ல, மீன்காரம்மா எங்க போய் நிக்கும்?

ஆனா செக்போஸ்ட்ல பையில பாட்டில் இருக்கான்னு துழாவறப்ப மட்டும் லிமிட் எங்கன்னு இன்ச் சுத்தமா தெரியுது! ரெண்டு பக்க ஆபீசருங்களும் அடுத்த மழைக்கு ஒரே நேரத்துல எங்க தெருவுக்கு வாங்க. பேன்ட்ட மடிச்சு விட்டுட்டு வாங்க.