ஒரு டிகிரிக்கு எத்தனை சீல்தான் குத்துவீர்கள்?

துபாயில் வேலை உறுதியாகி ஏழு வாரம் ஆகிறது. நான் இன்னும் திருநெல்வேலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட் இருக்கிறது, ஆஃபர் லெட்டர் இருக்கிறது, பி.இ. டிகிரி சர்டிபிகேட்டில் அட்டெஸ்டேஷன், அதாவது இது உண்மையானதுதான் என்று அதிகாரிகள் குத்தும் சீல், மட்டும் இல்லை.

முதலில் நகலுக்கு நோட்டரி சீல் வாங்கி வா என்றார்கள். கோர்ட் வாசலில் மேஜை போட்டிருந்தவர் ஒரிஜினலைக் கையால்கூடத் தொடவில்லை. பேசிக்கொண்டே சிவப்பு சீலைக் குத்தி, கையெழுத்துப் போட்டு, காசை வாங்கிக்கொண்டார். அப்புறம் மாநில அரசு, அதற்கு மேல் டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், அதற்கு மேல் அமீரகத் தூதரகம், எல்லாம் முடிந்து அங்கே போனால் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது என்னவென்றால், மேலே போகப் போக ஒருவரும் என் படிப்பைப் பார்ப்பதில்லை. நம் அமைச்சகம் பார்ப்பது மாநில அதிகாரியின் கையெழுத்தை. உள்ளே எழுதியிருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தூதரகம் பார்ப்பது அமைச்சகத்தின் சீலை. சீலுக்கு சீல் சாட்சி! இவன் உங்களிடம் படித்தானா என்று பல்கலைக்கழகத்தை ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற விஷயம்.

இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1961-லேயே ஹேக் ஒப்பந்தம் போட்டார்கள். சேர்ந்த நாடுகளுக்குள் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும், தூதரகப் படியே கிடையாது. இந்தியாவில் 2005-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓமன் 2012-லேயே வந்துவிட்டது, சவுதிகூட 2022 டிசம்பரில் வந்துவிட்டது. கூடப் படித்தவன் மஸ்கட்டுக்கு அப்போஸ்டிலோடு போய்ச் சேர்ந்துவிட்டான். இத்தனை லட்சம் இந்தியர்கள் உழைக்கிற அமீரகமும் கத்தாரும் குவைத்தும் ஏன் இன்னும் சேரவில்லை? யாராவது கேட்டார்களா?

சரி, முறை அப்படித்தான் என்றால் போய்த் தொலையலாம் என்று இரவு பஸ் ஏறி சென்னை போனேன். மாநில அரசு அலுவலகக் கவுன்ட்டரில் சர்டிபிகேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லேமினேஷன் பண்ணினதை வாங்க மாட்டோம், சீல் நிற்காது, எடுத்துட்டு வாங்க" என்றார் அந்தம்மா. 2011-ல் பட்டம் வாங்கிய அன்றைக்கே அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட லேமினேஷன் அது. நம் ஊரில் எந்த வீட்டில்தான் போடவில்லை? போடாதே என்று பட்டம் கொடுக்கும்போதே ஒரு துண்டுச்சீட்டு வைத்துக் கொடுத்தால் என்ன?

ஊருக்குத் திரும்பி, சர்டிபிகேட்டின் மேலே வேட்டியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, பிளேடு முனையால் ஓரத்திலிருந்து உரித்தோம். இரண்டு ராத்திரி. முக்கால்வாசி நன்றாகத்தான் வந்தது. கீழ் வலது மூலையில் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து தாளின் மேல்தோலும் பிய்ந்துவிட்டது. துணைவேந்தரின் கையெழுத்தில் பாதி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது டூப்ளிகேட் டிகிரிக்கு விண்ணப்பம். அதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கும் நோட்டரி! இதற்கிடையில் ஓர் ஏஜென்ட், "பதினெட்டாயிரம் கொடுங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்கிறார். அமீரகத்தில் செல்லாத அந்த அப்போஸ்டிலுக்கே நம் அமைச்சகம் வாங்குவது தாளுக்கு வெறும் 50 ரூபாய். ஆனால் தனி ஆளிடம் நேரடியாக வாங்க மாட்டார்கள், ஏஜென்சி வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அந்த இடுக்கில் புகுந்துதான் இவர்கள் கறக்கிறார்கள். வேறு வழி தெரியாமல் அவர் கேட்டதில் பாதியை நேற்று கொடுத்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து காலையில் மெயில் வந்திருக்கிறது. இந்த மாதம் 30-ஆம் தேதி வரைதான் இடத்தை வைத்திருப்பார்களாம்.