‘பாரசைட்’ புல்லுருவியிலிருந்து வந்த சொல் அல்ல

மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: ஒட்டுண்ணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பாரசைட்’ (parasite) என்பது முதலில் மரத்துப் புல்லுருவியின் பெயர், ஓசிச்சோறு தின்பவரை அப்படித் திட்டுவது பிறகு வந்தது.

தவறு. வரலாறு நேர்த்தலைகீழ்.

கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகில். ‘சீட்டோஸ்’ என்றால் தானியம், உணவு. ‘பாராசீட்டோஸ்’ பக்கத்தில் அமர்ந்து உண்பவர். ஏதென்ஸில் முதலில் இது கோயில் விருந்தில் உண்ணும் உரிமை பெற்றவரைக் குறித்த மதிப்பான பெயர்! பிறகு நகைச்சுவை நாடகங்கள்தான் முகஸ்துதி பாடி வயிறு வளர்ப்பவனுக்கு அதைச் சூட்டின. லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் மனிதரையே குறித்தது. செடிக்கும் புழுவுக்கும் அதற்குப் பின்பே.

குழப்பத்துக்குக் காரணம் நம் தமிழ். அழகர்கோவில் பக்கத்து மாமரங்களில் ஒட்டி நீரை உறிஞ்சும் புல்லுருவியின் பெயரை நாம்தான் செடியிலிருந்து மனிதருக்கு மாற்றினோம்.